குட்டை முதல் கண்டெய்னர் வரை: ஏற்றுமதி இறாலின் தர உறுதியும் தடமறிதலும்

பண்ணையில் வளர்ந்த வனாமி இறாலைப் பார்த்தோ தொட்டோ தின்றோ அது எந்தக் குட்டையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐஸ் போதாமல் கெட்ட இறாலை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். வளர்ப்பின்போது போட்ட ஆன்டிபயாடிக்கின் எச்சத்தை அது காட்டாது. கடல் கடந்து போகும் இறால் வணிகத்தில் வாங்குபவர் கேட்கும் முக்கியமான கேள்விகள் எல்லாமே இப்படிக் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றுக்குப் பதில் சொல்ல இரண்டு ஏற்பாடுகள் உருவாகியுள்ளன. விதிகளை வகுத்து, ஆய்வு செய்து, சான்று தருவது தர உறுதித் திட்டம். குறிப்பிட்ட பெட்டி எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதைப் பதிவுகளின் வழியாகத் தொடர்வது தடமறிதல்.

இரண்டையும் ஒன்றாகக் கருதுவது இத்தொழிலில் பரவலாக உள்ள குழப்பம். ஆய்வகச் சான்று தன் மேசைக்கு வந்த சில நூறு கிராம் மாதிரியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கண்டெய்னரில் ஏறிய பல டன் இறாலும் அந்த மாதிரியும் ஒரே குட்டையைச் சேர்ந்தவை என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியது தடப்பதிவு மட்டும்தான். பதிவு அறுந்த இடத்தில் சான்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது வேறு ஏதோ இறாலைப் பற்றிய சான்றாகிவிடுகிறது.

விதிகள் வந்த வழி

1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைபாடுகளைக் காரணம் காட்டி இந்தியாவிலிருந்து கடலுணவு வருவதைத் தடைசெய்தது. அமெரிக்கா 1995இல் கொண்டுவந்த கடலுணவு எச்ஏசிசிபி விதி 1997 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இடர் வரக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே கண்டு அங்கேயே கட்டுப்படுத்துவது அந்த முறை. விண்வெளி வீரர்களுக்கான உணவுக்காக 1960களில் நாசாவோடு சேர்ந்து பில்ஸ்பரி நிறுவனம் உருவாக்கியது. இந்தியப் பதப்படுத்தும் ஆலைகள் தரைக்கு ஓடு பதித்து, குளிர்ந்த அறைகளில் உரித்து, ஐஸுக்கும் தண்ணீருக்கும் பரிசோதனை வைக்கத் தொடங்கியது இந்த இரட்டை நெருக்கடிக்குப் பிறகுதான்.

ஆலையைச் சுத்தமாக்கியதும் பிரச்சினை ஆலைக்கு வெளியே நகர்ந்தது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆய்வகங்கள் மிக நுட்பமான கருவிகளைக் கொண்டு ஆசிய இறாலில் குளோரம்பெனிகாலையும் நைட்ரோஃபியூரான் வகை மருந்துகளின் எச்சத்தையும் கண்டுபிடித்தன. குளோரம்பெனிகால் அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்யும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை நிர்ணயிக்க முடியாததால் உணவு தரும் விலங்குகளுக்கு அது அறவே தடைசெய்யப்பட்டது. நைட்ரோஃபியூரான்களின் மீது புற்றுநோய் ஐயம் உண்டு. 2022 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடவடிக்கைக்கான வரம்பு, ஒரு கிலோவுக்குக் குளோரம்பெனிகால் 0.15 மைக்ரோகிராம், நைட்ரோஃபியூரான் எச்சம் ஒவ்வொன்றும் 0.5 மைக்ரோகிராம். முதல் எண்ணின் பொருள் 1,000 டன் இறாலில் 0.15 கிராம். இந்த அளவில் பேசும்போது வேண்டுமென்றே மருந்து போட்டவர் மட்டுமல்ல, என்ன கலந்தது என்று தெரியாத ஒரு டப்பா புரோபயாட்டிக்கை நம்பி வாங்கியவரும் மாட்டிக்கொள்வார். உரிக்கும் தொழிலாளி கைப்புண்ணில் தடவிய களிம்பிலிருந்துகூட எச்சம் வரக்கூடும். எச்சம் எங்கே நுழைந்தது என்று கண்டறியாமல் யாரையும் குற்றம்சாட்டுவதில் பயனில்லை.

தடமறிதலைச் சட்டக் கடமையாக்கியது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பொது உணவுச் சட்டம். 2005 ஜனவரி 1 முதல், உணவுத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று காட்ட வேண்டும். ஒரு படி பின்னால், ஒரு படி முன்னால், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் தன் இரு கண்ணிகளை மட்டும் காத்தால் சங்கிலி முழுவதும் தானே நிற்கும் என்பது இதன் தர்க்கம். நடுவில் ஒருவர் மட்டும் எழுதாமல் விட்டால் அவருக்கு இருபுறமும் உள்ளவர்கள் எழுதியதெல்லாம் வீண் என்பதும் அதே தர்க்கத்தின் மறுபக்கம்.

கண்ணிகள்

தாய் இறாலே முதல் கண்ணி. வனாமி இந்தியக் கடலின் இனம் அல்ல. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்றவை என்று சான்று பெற்ற தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 2009இல் அனுமதி கிடைத்தது. இறங்கும் தாய் இறால் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துப் பரிசோதிக்கப்பட்ட பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகும். நாடெங்கும் ஆயிரக்கணக்கான குட்டைகளில் வளரும் இனத்தை ஒரு கதவின் வழியாக மட்டும் உள்ளே விடுவது தடமறிதலுக்கு மிகப் பெரிய வசதி. தொடக்கப் புள்ளி பதிவில் இருக்கிறது. பொரிப்பகத்தில் இந்தத் தெளிவு கொஞ்சம் கலங்குகிறது. ஓரிடத்தில் பொரித்த இளநிலைக் குஞ்சுகளை வேறொரு பொரிப்பகம் வாங்கி வளர்த்து விற்பதும் உண்டு. ஆகவே குஞ்சு வாங்குபவர் விற்பவரின் பதிவு எண்ணோடு நிறுத்தாமல், தாய் இறால் எந்தத் தொகுதி, வெண்புள்ளி நோய்க்கான பிசிஆர் பரிசோதனை எந்தத் தொட்டிக்கு நடந்தது என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

பண்ணைக்கு இரு பதிவுகள் வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையிலிருந்து இயங்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் பண்ணையைப் பதிவுசெய்கிறது. பயன்படுத்தக்கூடாத 20 ஆன்டிபயாடிக் மற்றும் மருந்துப் பொருட்களின் பட்டியலையும், வனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சு என்ற உச்ச வரம்பையும் வைத்திருப்பது இந்த ஆணையமே. எம்பெடா என்று அழைக்கப்படும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் பண்ணைகளைச் சேர்த்துத் தனி எண் தருகிறது. ஏற்றுமதிச் சங்கிலியில் பண்ணையின் அடையாளம் அந்த எண்.

எண் பண்ணைக்கு உரியது. பதிவேடு குட்டைக்கு உரியதாக இருக்க வேண்டும். நான்கு குட்டை உள்ளவர் நான்கிற்கும் ஒரே நோட்டில் தீவனம், மருந்து, தண்ணீர் மாற்றியது எல்லாவற்றையும் கலந்து எழுதினால், ஒரு குட்டையில் எச்சம் வந்த அன்று நான்கும் சேர்ந்து நிற்கும். தீவன மூட்டையின் தொகுதி எண்ணை எழுதுவது அலுப்பான வேலை. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைக் கிழித்து நோட்டில் ஒட்டிவிடுவது எளிது. தணிக்கையாளருக்கும் எழுத்தைவிட அதுவே நம்பகமானது. சுண்ணாம்பு, தாது உப்பு, புரோபயாட்டிக் முதலியவற்றின் டப்பாச் சீட்டுகளுக்கும் இதுவே வழி. தீவனத்தைப் பற்றி யாரும் பொய் எழுதுவதில்லை. கேள்வி வரும்போது காலியான பக்கம் பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சரக்குகளுடையதாகவே இருக்கிறது.

ஐரோப்பாவுக்குப் போகும் பண்ணை இறாலுக்கு, பிடிப்பதற்கு முன் குட்டையிலிருந்து மாதிரி எடுத்து எலிசா முறையில் பரிசோதிப்பது கட்டாயம். இது விரைவானது, செலவும் குறைவு. ஐயம் வந்தால் நிறை நிறமாலைக் கருவியில் உறுதிசெய்கிறார்கள். பரிசோதனையிலும் வளைவு நெளிவு உண்டு. நைட்ரோஃபியூரான் எச்சங்களில் ஒன்றான செமிகார்பசைடு, மருந்தே போடாத நன்னீர் இறாலின் ஓட்டில் இயற்கையாகவே இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட முடிவு வரும்போது சதையைத் தனியாகச் சோதிக்கக் கேட்பதற்கும், மருந்து போடவில்லை என்று வாதாடுவதற்கும் குட்டைப் பதிவேடே ஆதாரம்.

அடுத்து வருவது சங்கிலியின் மிகப் பலவீனமான இடம்: பிடிக்கும் இரவு. இறால் பெரும்பாலும் வெயிலுக்கு முன் பிடிக்கப்படுகிறது. கரையில் விளக்கு வெளிச்சத்தில் எடை போட்டு, ஐஸ் அடுக்கி, பெட்டியை வண்டியில் ஏற்றும் அவசரத்தில் சீட்டு ஒட்ட யாருக்கும் கை ஒழிவதில்லை. அதோடு நேரடியாக ஆலைக்கு விற்காமல் ஏஜென்ட் வழியாக விற்பதே சிறு பண்ணைகளின் வழக்கம். ஒரு லாரி நிரம்ப மூன்று நான்கு பேரின் சரக்கு வேண்டும். ஒரே கவுண்டாக, அதாவது ஒரே அளவு இறாலாக, இருந்தால் பெட்டிகளைக் கலப்பதும் நடக்கிறது. பரிசோதனைச் சான்று உள்ள குட்டையின் பெயரில் சான்றில்லாத குட்டையின் இறாலும் பயணம் செய்ய இந்த இடமே வசதி. விதிமுறைப் புத்தகங்கள் ஆலைக்கு நூறு பக்கமும் இந்த இரவுக்கு ஒரு பத்தியும் ஒதுக்குவது வேடிக்கைதான்.

இதைச் சமாளிக்கும் முறை பெரிய தொழில்நுட்பம் எதையும் கேட்பதில்லை. பிடிப்பதற்கு முந்தைய நாளே பண்ணை எண், குட்டை எண், தேதி எழுதிய நனையாத சீட்டுகளைத் தயார் செய்ய வேண்டும். குட்டைக்கு ஒரு நிறம் என்று வைத்தால் எழுத்துப் படிக்காதவரும் பிரிப்பார். எடைச் சீட்டு மூன்று பிரதி: பண்ணைக்கு, வண்டிக்கு, ஆலைக்கு. வண்டி வேறு இடத்தில் நின்று சரக்கு ஏற்றினால் இரு சரக்கிற்கும் நடுவே தடுப்புப் பலகை. ஆலையின் வாயிலில் சீட்டில்லாத பெட்டியை இறக்காமல் திருப்பும் அதிகாரம் சரக்கு வாங்கும் பிரிவிடம் இருக்கக் கூடாது, தரப் பிரிவிடம் இருக்க வேண்டும். வாங்கும் பிரிவுக்கு அன்றைய டன் கணக்கே கண்ணில் நிற்கும்.

ஆலைக்குள் லாட் எண் பிறக்கிறது. ஒரு குட்டையின் ஒரு நாள் வரவு ஒரு லாட் என்பது உகந்த ஏற்பாடு. தலை நீக்கி, தரம் பிரித்து, உரித்து, ஊறவைத்து, உறையவைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வரை அந்த எண் கூடவே நகர வேண்டும். தரம் பிரிக்கும் மேசையில் அது உடைய முனையும். ஒரு குட்டையின் பெரிய இறால் கொஞ்சம் மீந்தால் அடுத்த லாட்டின் பெரிய இறாலோடு சேர்த்துப் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். கலப்பது குற்றமல்ல, எழுதாமல் கலப்பதே குற்றம். இரு லாட் கலந்தால் புதிய எண் ஒன்று கொடுத்து அதன் கீழ் இரு பெற்றோர் எண்களையும் எழுத வேண்டும்.

கணக்குச் சரிபார்ப்பு

அனுபவமுள்ள தணிக்கையாளர் கோப்புகளின் அழகைப் பார்ப்பதில்லை. எடையைக் கூட்டிப் பார்க்கிறார். வனாமியில் தலையை நீக்கினால் ஏறக்குறைய 35 சதவீதம் எடை போய்விடும். எடுத்துக்காட்டாக, ஒரு லாட்டில் 10,000 கிலோ முழு இறால் உள்ளே வந்திருந்தால் ஓட்டோடு கூடிய தலையில்லா இறால் சுமார் 6,500 கிலோ வெளியே போகலாம். பொதிப் பட்டியலில் 8,000 கிலோ இருந்தால் மீதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். பாஸ்பேட் கரைசலில் ஊறவைப்பதாலும் மேலே ஐஸ் பூச்சு கொடுப்பதாலும் எடை ஏறும் என்பதால், ஊறலுக்கு முன்னும் பின்னும் எடுத்த எடைகள் தனித்தனியே இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

கவுண்டும் இதே போன்ற சாட்சி. கரையில் 40 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 40 இறால், ஒன்று 25 கிராம். ஏற்றுமதியில் தலையில்லா இறாலின் கவுண்ட் ஒரு பவுண்டுக்கு எத்தனை என்பது. 25 கிராம் இறால் தலை போனால் சுமார் 16 கிராம். பவுண்டுக்கு ஏறக்குறைய 28 நிற்கும். அது 26/30 தரத்தில் விழும். கிலோவுக்கு 60 கவுண்ட் பிடித்த குட்டையின் எண்ணோடு 16/20 தரப் பெட்டிகள் குவிந்திருந்தால், அந்தப் பெட்டிகளில் இருப்பது அந்தக் குட்டை இறால் அல்ல. தன் பதிவுகளை இந்தக் கணக்கால் மாதம் ஒருமுறை தானே சோதித்துக்கொள்ளும் ஆலைக்கு வெளியாள் தணிக்கை பயமுறுத்தாது.

சான்றுகளும் அவற்றின் எல்லையும்

அரசுத் தரப்பில் கடைசிக் கையெழுத்து ஏற்றுமதி ஆய்வுக் குழுமத்தின் கீழ் உள்ள முகமைகளுடையது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இக்குழுமம் ஆலைகளை அங்கீகரித்து எண் தருகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு சரக்கிற்கும் சுகாதாரச் சான்று இங்கிருந்தே வர வேண்டும். எம்பெடா தன் பங்கிற்கு ஷஃபாரி என்ற திட்டத்தின் கீழ், ஆன்டிபயாடிக் இல்லாமல் குஞ்சு வளர்க்கும் பொரிப்பகங்களுக்குச் சான்று தருகிறது. தனியார் சான்றுகள் சந்தையைப் பொறுத்தவை. அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகள் பிஏபி சான்றைக் கேட்கும். பொரிப்பகம், தீவன ஆலை, பண்ணை, பதப்படுத்தும் ஆலை என நான்கும் சான்று பெற்றால் நான்கு நட்சத்திரம். ஐரோப்பிய அங்காடிகளில் 2010இல் தோன்றிய ஏஎஸ்சி முத்திரைக்கு மதிப்பு அதிகம். சிறு பண்ணைக்குத் தனியாக இச்சான்றின் செலவு கட்டுப்படியாகாது. குழுவாகச் சேர்ந்து, பொதுவான உள்தணிக்கை வைத்துப் பெறுவது நடைமுறையில் சாத்தியமான பாதை.

தணிக்கை மதிப்பெண்ணைப் பாதுகாப்போடு சமமாக்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இறாலுக்கு வெளியே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா ஆலை ஒன்று 2008இல் தனியார் தணிக்கையில் மிகச் சிறந்த தரத்தைப் பெற்றது. அதே நிறுவனத்தின் வேர்க்கடலைப் பொருட்களிலிருந்து பரவிய சால்மோனெல்லாவால் 2008-09இல் 714 பேர் நோயுற்றதாகப் பதிவானது. 9 பேர் இறந்தனர். அந்தக் கடலை மூலப்பொருளாகச் சேர்ந்திருந்த 3,900க்கும் மேற்பட்ட பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சொல்லிவிட்டு வரும் தணிக்கை ஒரு நாளைப் பார்க்கிறது. தணிக்கைக்குப் பணம் கொடுப்பவரும் பெரும்பாலும் தணிக்கை செய்யப்படுபவரே.

வரத்து நிற்காமல் இருக்க

தடமறிதலைப் பாதுகாப்புச் செலவு என்று மட்டும் பார்ப்பவர்கள் அதன் பாதிப் பயனைத்தான் காண்கிறார்கள். கேடு வந்தபின் எவ்வளவு சரக்கை நிறுத்த வேண்டும் என்பதை முடிவுசெய்வது தடப்பதிவின் நுணுக்கம். குட்டைவரை தடம் இருந்தால் ஒரு குட்டை நிற்கும். ஆலைவரை மட்டும் இருந்தால் ஆலை முழுவதும் நிற்கும். நாடுவரை மட்டும் தெரிந்தால் நாடே நிற்கும். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் சோதிக்கும் பங்கைக் குறைந்தது 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியபோது, எச்சமே இல்லாத பண்ணைகளின் கண்டெய்னர்களும் துறைமுகத்தில் குளிர்பதனக் கட்டணம் கட்டிக் காத்துக்கிடந்தன. அமெரிக்க இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் ஏறிய ஏற்றுமதியாளரின் சரக்கு சோதனையில்லாமலே தடுத்துவைக்கப்படும். வெளியே வர அடுத்தடுத்த சரக்குகள் சுத்தமானவை என்று தானே நிரூபிக்க வேண்டும்.

தடம் தெரியாத இடைவெளியில் பழி தவறான இடத்தில் விழுவதற்கு 2011இன் ஜெர்மனி எடுத்துக்காட்டு. அங்கே பரவிய கொடிய ஈ.கோலை தொற்றுக்கு ஸ்பெயின் வெள்ளரிக்காயே காரணம் என்று மே மாத இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறி வாங்க ஆளில்லாமல் போயிற்று. விற்பனைப் பதிவுகளைப் பின்தொடர்ந்த பிறகே ஒரு முளைப்பயறுப் பண்ணையும், அதற்கு விதையாக வந்த எகிப்து வெந்தயமும் வெளிப்பட்டன. பிரான்ஸில் போர்தோ அருகே நோயுற்றவர்கள் தின்ற முளையும் அதே விதைத் தொகுதிக்கே போய்ச் சேர்ந்தது. அந்தத் தொற்றில் மொத்தம் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நோய்க்கும் இது பொருந்தும். 1994-95இல் கிழக்குக் கரையில் கருப்பு இறாலை வெண்புள்ளி நோய் அழித்தபோது, எந்தக் குஞ்சு எந்தக் குட்டைக்குப் போனது என்ற பதிவு யாரிடமும் இல்லை. இன்று ஒரு குட்டையில் நோய் தென்பட்டால், அதே தொட்டியின் குஞ்சை வாங்கிய மற்ற பண்ணைகளுக்கு அன்றே தகவல் சொல்ல பொரிப்பகத்தின் விற்பனைப் பதிவேடு போதும். முன்னதாகப் பிடித்து விற்கவும், தண்ணீரை வெளியே விடாமல் அடைக்கவும் அவர்களுக்குச் சில நாட்கள் கிடைக்கும்.

அமெரிக்கச் சந்தையின் கேள்விகளும் இறுகிவருகின்றன. 2018 டிசம்பர் 31 முதல் இறக்குமதி இறாலுக்கு, எங்கே பிடித்தது, யார் யார் கை மாறியது என்ற விவரங்களை இறக்குமதியாளர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு நவீனமாக்கல் சட்டத்தின் கீழ் வந்த தடமறிதல் விதி, அதன் பட்டியலில் உள்ள உணவுகளுக்குப் பதிவுகளை 24 மணி நேரத்தில் தரச் சொல்கிறது. இறால் உள்ளிட்ட ஓட்டுடலிகள் அப்பட்டியலில் உள்ளன. இதற்கான கெடு 2028 ஜூலை 20க்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.

ஒத்திகை

24 மணி நேரத்தில் பதில் சொல்ல முடியுமா என்பதை உண்மையான புகார் வரும் நாளில் சோதிக்கக் கூடாது. ஆண்டுக்கு இரு முறையாவது திரும்பப்பெறும் ஒத்திகை நடத்துவது நல்லது. குளிர்கிடங்கிலிருந்து ஏதாவது ஒரு பெட்டியை எடுத்து, அதன் லாட் எண்ணிலிருந்து குட்டை, குஞ்சுத் தொகுதி, தீவனத் தொகுதி வரை பின்னோக்கிப் போக வேண்டும். பிறகு அதே குட்டையின் மற்ற பெட்டிகள் எந்தெந்தக் கண்டெய்னரில், யாருக்குப் போயின என்று முன்னோக்கி வர வேண்டும். எடைக் கணக்கு பொருந்தியதா, எத்தனை மணி நேரம் பிடித்தது, எந்தத் தாளைத் தேடி அதிக நேரம் போனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தாமதம் ஆலையில் நேர்வதில்லை. ஏஜென்டிடம் உள்ள எடைச் சீட்டைத் தேடுவதில் நேர்கிறது. ஏஜென்டையும் ஒத்திகையில் சேர்ப்பது அதனால் அவசியம். ஒத்திகையை விடுமுறை நாளிலோ பதிவேட்டுக்குப் பொறுப்பானவர் வராத நாளிலோ வைத்தால் உண்மை நிலை தெரியும்.

உள்நாட்டில் விற்கும் இறாலுக்கு இவ்வளவு கேள்வி கேட்பாரில்லை. தடைசெய்யப்பட்ட மருந்துகள் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உள்நாட்டுக் கடலுணவிலும் கூடாது. 2017ஆம் ஆண்டுத் திரும்பப்பெறும் நடைமுறை விதிகளும் இருக்கின்றன. ஆனால் மீன் சந்தையில் கூறு கட்டி விற்கும் இறாலில் திரும்பப் பெறுவதற்கு லாட் எண்ணே இல்லை. ஆலை திருப்பி அனுப்பிய சரக்கு உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் வாய்ப்பையும் இந்த இடைவெளி திறந்துவைக்கிறது. ஆகவே நிராகரித்த பெட்டிகள் எங்கே போயின, யார் முன்னிலையில் அழிக்கப்பட்டன என்ற பக்கமும் ஆலையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். தலை, ஓடு உள்ளிட்ட கழிவை வாங்கிச்செல்பவரின் எடைச் சீட்டையும் அதே கோப்பில் சேர்த்து, குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.